கிணற்றடிப் பக்கத்துப் பைகள்

“இலை பழுக்கத் துவங்கினாக் கையைக் கட்டிக்கொண்டு நில், பழுத்து விழுந்தாப் பிறகு…” பிறகு என்னவோ சொல்லுவார் ஐயா. பாதியில் நிறுத்தி மூக்கைச் சிந்துவார், சால்வைத் தலைப்பில் கையைத் துடைப்பார், அதற்குப் பிறகுதான் மிச்சம் வரும். அந்த மூக்குச் சிந்தல் இத்தனை வருடம் தாண்டியும் அப்படியே காதில் இருக்கிறது, மிச்சம் இல்லை. எனக்கு எல்லாமே இப்படித்தான், தேவையான பாதி போய்விடும், தேவையில்லாத பாதி குந்தியிருக்கும். இப்போது என் வலது கை முழங்கை வரைக்கும் ஓர் உரப்பைக்குள் இருக்கிறது. வெளியில் மாசி வெயில் பிடரியைச் சுடுகிறது, உள்ளே மண் குளிர்ந்து ஈரமாக இருக்கிறது. ஈரமாக இருக்கக் கூடாது. பொங்கலுக்குப் பிறகு ஒரு துளி மழை இல்லை. நான் தண்ணீரை நிறுத்திப் பல நாளாகிறது, மறந்துபோய் அல்ல, நிறுத்த வேண்டும் என்றுதான் நிறுத்தினேன். கொடி சாக வேண்டும், கொடி செத்தால்தான் மண்ணுக்குள் உருளைக்கிழங்கின் தோல் முற்றும், பெருவிரலால் தேய்த்தால் உரியாமல் நிற்கும், அதுவரைக்கும் பொறுக்க வேண்டும், பொறுத்தேன். நானா பொறுக்கவில்லை? விரல் ஏதோ ஒன்றில் முட்டியது. உருண்டை, நல்ல பருமன், நெஞ்சு ஒரு கணம் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளியது, பிடித்தேன், பிடித்த பிடியில் அது நசிந்து விரல் இடுக்குகளால் வழிந்தது. கையை வெளியே எடுத்தேன். செத்த எலியும் புளித்த மாவும் சேர்ந்த மணம். கையை உதற முடியாது, உதறினால் சட்டையில் படும், துடைக்கவும் ஒன்றும் இல்லை, எனவே கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒரு விசரன் மாதிரி வெயிலுக்குள் நிற்கிறேன். விறாந்தையில் அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் படுத்திருக்கிறார், வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் இருக்கிறது. காட்டி என்ன. பின்னேரம் உறுதி எழுதுகிற நொத்தாரிசு வருகிறார், அவரோடு வீட்டை வாங்குகிற ஆளும் வருகிறார், அம்மா கையெழுத்து வைக்கப் போகிறார், இந்த வீடு போகப் போகிறது, நான் அழுகின கிழங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பைக்குள் ஏன் நட்டாய் என்று கேட்காத ஆள் எங்கள் ஊர் உரும்பிராயில் இல்லை. நான் செம்மண்ணை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து வாசல் படலையடியில் பறித்த அன்று பக்கத்து வளவு முத்துலிங்கத்தார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, செம்மண் வளவுக்குச் செம்மண் விலைக்கு வாங்கின முதல் ஆள் நீதான் தம்பி என்றார். அவர் சிரித்தார், லாண்ட்மாஸ்டர் ஓட்டி வந்தவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. காலுக்குக் கீழே கிடக்கிற மண் நல்ல மண், கையால் அள்ளினால் கை சிவக்கிற மண், ஐயா இதில்தான் கிழங்கு நட்டார். வெளிநாட்டுக் கிழங்கு கப்பலில் வராமல் நிறுத்தியிருந்த காலத்தில் இந்த ஊர் முழுக்கக் கிழங்கில்தான் நிமிர்ந்தது, நான் பிறக்கிறபோது வீடு பாதி ஓலை, எனக்கு ஐந்தாறு வயதாகும்போது முழுக்க ஓடு, விறாந்தைக்குச் சிவப்புச் சீமெந்து, முன் யன்னலுக்கு நீலக் கண்ணாடி, எல்லாம் கிழங்கு கட்டினது. கிழங்கு கட்டின வீடு அக்காவுக்குப் போனது. அதில் பிழை ஒன்றும் இல்லை, ஊர் வழக்கம் அது, பெண்பிள்ளைக்கு வீடு வளவு, ஆண்பிள்ளைக்குப் படிப்பு. அவன் கலியாணம் கட்டுகிற இடத்தில் போய் அவன் இருந்துகொள்ளுவான் என்பார்கள். அக்கா வதனாவைக் குகேந்திரன் அத்தானுக்குக் கொடுத்தபோது வீடு சீதனமாக எழுதப்பட்டது, ஐயாவும் அம்மாவும் உயிரோடு இருக்கும்வரை இதில் இருக்கலாம் என்று சீவிய உருத்து மட்டும் வைத்து. எனக்குப் படிப்பு கிடைத்தது, எட்டாம் வகுப்போடு ஒரு விமானச் சீட்டு, மாமா ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒஸ்லோ. அக்கா கல்யாணத்தோடு ரொறன்ரோ போனாள், இந்த வீட்டில் அவள் மனைவியாக ஒரு கிழமை கூட இருக்கவில்லை. பரவாயில்லை, அவளுடையதுதான். நான் நாற்பத்தைந்து வயதில் திரும்பி வந்தேன், ஐயா போன பிறகு, அங்கே இருந்த வீடும் அந்த வீட்டில் இருந்த மனுசியும் எனக்கு இல்லை என்றான பிறகு. வந்து இறங்கிய முதல் நாளே எனக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன், யாருக்கும் சொல்லவில்லை, அக்காவின் மண்ணில் ஒரு குழி கிடங்கு வெட்ட மாட்டேன். கறிவேப்பிலைக் கன்றைக்கூடச் சாடியில் வைத்தேன். உருளைக்கிழங்கு நடும் ஆசை வந்தபோது பை. வெள்ளை உரப்பை, அடியில் துளை, வாயைச் சுருட்டிக் கீழே இறக்கி, அரைவாசிக்கு மண், முளை விட்ட கிழங்கு, கொடி எழ எழப் பையின் வாயை ஒரு சுருட்டு அவிழ்த்து மேலே மண் போட வேண்டும், கொடி புதைகிற இடமெல்லாம் கிழங்கு வைக்கும். நிலத்தைத் தொடாத விவசாயம். பையோடு தூக்கிக்கொண்டு போகலாம். அதை நான் நினைத்திருந்தேன், ஆனால் போனில் அத்தான் சொன்னார். பையோடு தூக்கிக்கொண்டு போகலாம் தானே மச்சான், வசதிதானே என்றார், பின்னால் அக்கா சிரித்தது கேட்டது, நான் நினைத்த அதே வசனம் அவர் வாயில் ஊத்தையாக இருந்தது.

கையைக் கழுவ வேண்டும். கழுவவில்லை. கோபம் ஆறிவிடும் என்று பயமாக இருக்கிறதோ என்னவோ, இந்த மணத்தோடேயே நிற்க வேண்டும் போல் இருக்கிறது. எல்லாம் பொங்கல் அன்று தொடங்கியது. பொங்கல் பானை அடுப்பில் இருந்தது, அக்கா வீடியோவில் வந்தாள், பானை பொங்குகிற பக்கத்தைக் காட்டு தம்பி என்றாள், காட்டினேன், வடிவாகப் பொங்குது என்றாள், அதே மூச்சில் வீட்டை வாங்க ஆள் வந்திருக்கு என்றாள். மண்டபம் கட்டப்போகிறாராம், கல்யாண மண்டபம், கிணறு அவருக்குத் தேவையில்லை, மூடிவிடுவார். அம்மாவுக்கு? அம்மாவுக்கு எல்லாம் பார்த்தாயிற்று, நல்ல முதியோர் இல்லம், அறையோடு சேர்ந்த குளியலறை, நேரத்துக்கு மருந்து, நேரத்துக்குச் சாப்பாடு, அக்காவின் சிநேகிதியின் தாய் அங்கேதான் இருக்கிறாவாம், கரம் பலகை விளையாடுகிறாவாம். அம்மா தன் உருத்தை விட்டு ஒரு கையெழுத்து வைத்தால் போதும், அந்தக் கையெழுத்து இல்லாமல் வாங்குகிற ஆள் வாங்க மாட்டார். அந்த இடத்தின் வீடியோவும் அனுப்பியிருந்தாள், அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், நல்ல வெளிச்சமா இருக்கு என்றார். அவ்வளவுதான். நல்ல வெளிச்சமா இருக்கு. நான் எதிர்பார்த்தது அழுகை, சண்டை, ஏதாவது ஒன்று, என் பக்கம் ஒரு சொல். பிள்ளை கேக்குது, வைக்கத்தானே வேணும் என்றார். நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்பது அச்சொட்டாக நினைவிருக்கிறது, நினைவிருக்கத் தேவையில்லாததுதானே எனக்கு நினைவிருக்கும்: “வையுங்கோ, நல்லா வையுங்கோ, எனக்கென்ன, நான் இந்தக் கிழங்கைக் கிண்டின அண்டைக்கே பிளேன் ஏறிடுவன்.” அம்மா அகப்பையால் பானையின் ஓரத்தில் வழிந்ததை வழித்து உள்ளே விட்டார். அத்தானை ஏசலாம், அக்காவை ஏசலாம், அவர்கள் ஒரு சமுத்திரத்துக்கு அப்பால், போனை வைத்துவிட்டால் தீர்ந்தது. இந்தப் பானை வழிக்கிற பொறுமையை என்ன செய்கிறது.

கோபப்படவும் எனக்கு ஒழுங்காகத் தெரியாது, அதுதான் சங்கதி. பதினான்கு வயதில் நான் கற்ற மொழி நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் வரிசையில் நிற்கவும் கற்றுத் தந்தது, அதில் எனக்குக் கணக்கு வரும், காதல்கூட வந்தது, கோபம் வரவில்லை, முகம் சிவந்துகொண்டு மிக மரியாதையாகப் பேசுவேன், அங்கே என் மனுசி அதைத்தான் தாங்க முடியாது என்றாள். கோபம் முழுக்கத் தமிழில் தங்கிவிட்டது, அதுவும் எட்டாம் வகுப்புத் தமிழில், அதனால்தான் கத்துகிறபோது கால் உதைக்கிற பொடியன் மாதிரிக் கத்துகிறேன். பிளேன் ஏறிடுவன். எங்கே ஏறுகிறது. யார் வீட்டுக்கு. அங்கே இலையுதிர் காலத்துப் பள்ளி விடுமுறைக்குக் கிழங்கு விடுமுறை என்று பழைய பெயர் இருந்தது, முந்தி அந்த நாட்டில் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கிழமையில் கிழங்கு கிண்டப் போவார்களாம். என் காலத்தில் பெயர்தான் மிச்சம், ஆனால் நான் உண்மையாகவே போனேன், மாமாவுக்குத் தெரிந்த ஒருவரின் தோட்டத்துக்கு, விரல் விறைக்கிற குளிரில். அந்தக் கிழவர் கொடி பச்சையாக நிற்கும்போதே அதைக் கொன்றுவிடுவார். கொடியைக் கொல்லுதல் என்றே அதற்கு அங்கே சொல் இருக்கிறது. கொன்றுவிட்டு, உடனே கிண்டாமல், தோல் தடிக்கும்வரை மண்ணுக்குள் விட்டுவிடுவார். மேலே செத்துவிட்டது, கீழே இருக்கிறதுக்கு இன்னும் தெரியாது, தெரியவரும்போது அது தயாராகிவிடும் என்று ஒரு நாள் சொன்னார். நான் அப்போது ஐயாவை நினைத்தேன், ஐயாவும் இதைத்தான் சொல்லுவார், இலை பழுக்கத் துவங்கினால் கையைக் கட்டிக்கொண்டு நில், பழுத்து விழுந்தாப் பிறகு. பிறகு. பிறகு என்ன ஐயா? கிண்டு? அறுத்து விடு? பார்த்துக்கொண்டிரு? அந்த மூக்கை ஒரு நாள் சிந்தாமல் வசனத்தை முடித்திருக்கக் கூடாதா. அவர் போனபோது நான் வரவில்லை, போனில் அம்மா விசயத்தைச் சொன்னார், அந்த மொழிக்காரர்கள் மத்தியில் வேலை செய்யும் இடத்தில் நின்றிருந்தேன், நன்றி அம்மா என்று சொல்லிவிட்டேன். நன்றி அம்மா. யாராவது அப்படிச் சொல்லுவானா.

சரி, கிழங்கைப் பார். கிழங்கைப் பற்றி மட்டும் யோசி. இரண்டு கிழமையாக எனக்கு ஒரு கணக்குப் பிடிபடவில்லை. மதில் ஓரமாக ஒரே வரிசையில் பைகள் நிற்கின்றன, கிணற்றடியில் தொடங்கி பின் வேலி வரைக்கும். எல்லாவற்றிலும் ஒரே மண், ஒரே விதை, நுவரெலியாவிலிருந்து வந்தது, இங்கே விதைக்கிழங்கு தங்காது, இந்த வெக்கையில் வைத்திருந்தால் சுருங்கி வெம்பிப் போகும், ஒவ்வொரு வருடமும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். எல்லாம் ஒரே நாளில் நட்டது. வேலிப் பக்கத்துப் பைகள் ஒழுங்காகச் சாகின்றன. இலை மஞ்சளாகி, ஓரம் கருகி, தண்டு சரிந்து, இப்போது வைக்கோல் மாதிரிக் கிடக்கின்றன, அதுதான் அழகு, அப்படித்தான் சாக வேண்டும். கிணற்றடிப் பக்கத்துப் பைகள் சாகமாட்டேன் என்கின்றன. பழுத்த இலைக்கு நடுவில் புதுத்தளிர். தண்டு பச்சை. நான் படித்தவன் இல்லையா, எனவே காரணம் தேடினேன். முதலில் நிழல் என்று நினைத்தேன், முத்துலிங்கத்தாரின் மாமர நிழல் காலையில் அந்தப் பக்கம் விழுகிறது. பிறகு பசளை உரம் கூடிவிட்டது என்று நினைத்தேன். பிறகு கிணற்றடி ஈரக்காற்று. போனில் எத்தனை வீடியோ பார்த்தேன், தாடிக்கார வெள்ளைக்காரன் ஒருவன் பையைக் கவிழ்த்துக் கிழங்கு கொட்டுகிறதை எத்தனை தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், அவனுடைய கொடி எப்போது செத்தது, எத்தனை நாள் விட்டான். சாகாத கொடிகள் மீது எனக்குக் கோபம் வந்தது, உண்மையான கோபம், ஒரு நாள் காலையில் நின்று செத்துத் துலையுங்கோவன் என்று அவற்றைப் பார்த்து ஏசினேன், அம்மா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

முகம் கழுவிக்கொண்டு நின்றவர். கிணற்றடியில். விடிகிற நேரத்தில், நான் எழும்ப முந்தி. இந்தப் பைகளும் கிணற்றடியில். அழுகின கிழங்கின் நீர் மணிக்கட்டால் இறங்கி முழங்கை நோக்கிப் போகிறது, அதைப் பார்த்துக்கொண்டே எனக்கு ஒவ்வொன்றாக வருகிறது. காலையில் அம்மாவின் சேலைக்கரை முழங்கால் வரைக்கும் நனைந்திருக்கும், நான் தேத்தண்ணி ஊற்றும்போது பார்ப்பேன், வயதானவர், கைநடுக்கம், முகம் கழுவும்போது சிந்துகிறது என்று நினைப்பேன். மோட்டரின் குழாயை நான் கழற்றி வைத்திருக்கிறேன், எனவே வாளி. அம்மாவுக்கு வலது முழங்கால் ஏலாது, வாளியோடு அதிக தூரம் நடக்க முடியாது. எண்ணினேன், கண்ணாலேயே, பச்சையாக நிற்கிற கடைசிப் பைக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று. ஒரு கிழவி அரை வாளித் தண்ணீரை வைத்து எடுத்து வைத்து எடுத்துப் போகக்கூடிய தூரம். நிழலாம், பசளையாம், ஈரக்காற்றாம். அம்மாவின் கை எட்டின இடம்வரைக்கும் கிழங்கு அழுகிப்போய்க் கிடக்கிறது, கை எட்டாத இடம் ஒழுங்காக விளைந்திருக்கிறது. கோபம் இப்போது வேறு மாதிரி வந்தது, குளிர்ந்து வந்தது. ஏனென்றால் இது பிழை இல்லை, இது அறிவு கெட்டுப்போன அடையாளம். ஐயாவோடு நின்று வருடா வருடம் கிழங்கு கிண்டின மனுசி. எப்போது தண்ணீர் கட்டுவது எப்போது நிறுத்துவது என்று ஊரில் மற்றப் பெண்கள் வந்து கேட்டுப் போன மனுசி. கொடி காய்வதைக் கண்டு தண்ணீர் விடுகிறார் என்றால் அந்த மனுசி உள்ளே இல்லை, வேறு யாரோ சேலை உடுத்திக்கொண்டு நடமாடுகிறார். அக்கா சொன்னபோது நான் குரைத்தேன். அம்மாவுக்கு முந்தின மாதிரி இல்லை தம்பி, நீ பக்கத்தில இருக்கிறபடியால் உனக்குத் தெரியேல்லை என்றாள். அடுப்பை அணைக்க மறக்கிறா என்றாள், அதை அவளுக்குச் சொன்னதே நான்தான், சும்மா சொன்னேன், பகிடியாக. அப்போ அக்கா சரி. நேரத்துக்கு மருந்து, நேரத்துக்குச் சாப்பாடு, கரம் பலகை. அக்கா சரியாக இருப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாமல் இருக்கிறது. பின்னேரம் அந்த ஆட்கள் வருவார்கள், நான் கதிரை எடுத்துப் போடுவேன், அம்மா எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று நானே விரலால் காட்டுவேன், ஒருவரும் அழப்போவதில்லை, நல்ல வெளிச்சமா இருக்கும், நான் வேலிப் பக்கத்துப் பைகளைக் கவிழ்த்துப் பொறுக்கிவிட்டு எங்கேயாவது ஏறுவேன். சொன்னேன்தானே. சொன்னதைச் செய்கிற ஆள் என்று ஒருவராவது என்னைப் பற்றிச் சொல்லட்டும்.

சாய்மனைக் கதிரை கிறீச்சிட்டது. அம்மா எழும்பி, சேலையை உதறி, செருப்பைக் காலால் தேடி, விறாந்தைப் படியில் ஒவ்வொரு காலாக இறங்கி வந்தார். என் கையைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், மணம் மூக்கில் ஏறியிருக்கும், முகத்தைச் சுளிக்கவில்லை.

“இந்த வெயிலுக்கை என்ன மோனை செய்யிறாய்?”

“ஆர் அம்மா இதுக்குத் தண்ணி விட்டது?” எனக்குத் தெரிந்த கேள்வி, ஆனாலும் கேட்டேன், ஒரு மருத்துவர் நோயாளியிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிற குரலில் கேட்டேன், அந்தக் குரலை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“நான்தான்.”

“கொடி பழுத்தாப் பிறகு தண்ணி விட்டாக் கிழங்கு அழுகும் எண்டு உங்களுக்குத் தெரியாதே?”

“ஏன் தெரியாது?” என்றார் அம்மா. குனிந்து பச்சைத் தண்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தார், ஆடு வாங்க வந்தவர் ஆட்டைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. “கொப்பர் சொல்லுவாரே, உனக்கு நினைவில்லையே. இலை பழுக்கத் துவங்கினாக் கையைக் கட்டிக்கொண்டு நில், பழுத்து விழுந்தாப் பிறகு வாளியைக் கிணத்தடியில கவிட்டு வை எண்டு. அந்த மனுசன் மூக்கைச் சிந்திப்போட்டுத்தான் மிச்சத்தைச் சொல்லும்.”

வாளியைக் கவிழ்த்து வை. அவ்வளவுதானா. இவ்வளவு காலம் நான் தேடினது இதுவா. கிணற்றடியைப் பார்த்தேன், வாளி நிமிர்ந்து நின்றது, அடியில் கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது, காகம் ஒன்று விளிம்பில் இருந்து குடித்தது.

“தெரிஞ்சுகொண்டு ஏன் விட்டனீங்கள்?”

அம்மா தண்டை விட்டார், முழங்காலில் கையை ஊன்றி நிமிர்ந்தார். “நீதானே பொங்கலண்டு சொன்னனி, கிழங்கு கிண்டின அண்டைக்குப் பிளேன் ஏறுவன் எண்டு. நான் என்னத்தைச் செய்ய? கொடியைக் கொஞ்சம் பச்சையா வைச்சிருந்தன்.” பிறகு, குறை சொல்கிற மாதிரி, “அங்காலப் பக்கத்துக்கு என்னால வாளி தூக்கிக்கொண்டு போகேலாது. அதால அது பட்டுப்போச்சு” என்றார்.

எனக்கு இன்னும் கோபம்தான். அது போகவில்லை, போகும் என்று யாரும் நினைக்கக் கூடாது, வாயால் சொல்லியிருக்கலாம் தானே என்று கத்தினேன், இப்படி எல்லாவற்றையும் அழுகவைத்துத்தான் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன், பொடியன் தமிழில். சொன்னா நீ சண்டை பிடிப்பாய் என்றார் அம்மா, இப்பவும் பிடிக்கிறாய்தானே. நான் சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன், அக்காவோடும், கல்யாண மண்டபத்தோடும், கரம் விளையாடுகிற யாரோ ஒரு மனுசியோடும், இந்த மனுசியைக் காட்டிக்கொடுக்கச் சற்று முன்னால் மனதுக்குள் கதிரை எடுத்துப் போட்டுவைத்திருந்த என்னோடும், அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். கையெழுத்தை ஏன் வைக்கிறேன் என்றீர்கள் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அம்மா என்னை நேராகப் பார்த்தார்.

“நீ நிண்டா நான் ஏன் வைக்கிறன்? நீ போறதெண்டா, நான் ஒருத்தி இவ்வளவு பெரிய வீட்டில ஆருக்குச் சமைக்கிறது? அங்கயாவது நாலு சனம் இருக்கும்.”

“அக்கா?”

“ஏசுவாள். பேந்து போன் எடுப்பாள். என்ர பிள்ளைதானே.”

முத்துலிங்கத்தாரின் மாமரத்திலிருந்து ஒரு காய்ந்த இலை பையின் மேல் விழுந்தது. அம்மா அதை எடுத்து அப்பால் போட்டார், நான் என் கையைப் பார்த்தேன், சேறும் அழுகலும் காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, அதற்கு அடியில் அந்தச் செம்மண் நிறம், விலைக்கு வாங்கின மண்ணும் இந்த வளவு மண்ணும் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே நிறம். போய்க் கையைக் கழுவு, மணக்குது என்றார் அம்மா. போனேன். மிச்சத் தண்ணீரைக் கையில் ஊற்றினேன். படலையடியில் கார் வந்து நின்றது, கதவு திறந்து மூடின சத்தம், யாரோ தொண்டையைச் செருமினார்கள், முத்துலிங்கத்தாரின் நாய் குரைக்கத் தொடங்கியது. நான் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். அம்மாவிடம் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று சொன்னேன். வருகிற கார்த்திகையில் கிழங்கை நிலத்திலேயே நடுவது என்று முடிவெடுத்தேன்.